புரத வேதியியல்: கை அறிய வேண்டிய கல்வி

கல்லூரித் தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புரத வேதியியல் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். சங்க இலக்கியத்தில் அறிவியல், சீறாப்புராணத்தில் உவமை நலம் என்பன போன்ற தலைப்புகளே இம்மலருக்கு உரியன என்பது அவர்தம் எண்ணம். அத்தகைய கட்டுரைகளை நாமும் எழுதியுள்ளோம், இனியும் எழுதுவோம். ஆயினும் இவ்வாண்டு வேறொன்றைப் பேச வேண்டிய கடமை எமக்கு நேர்ந்துள்ளது. அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு மாணவரின் செய்முறைப் பதிவேடு.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருநாள் இரவு மாணவர் விடுதிக்குச் சென்றிருந்தோம். அறை ஒன்றில் நான்கு மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, நடுவில் ஒரு பழைய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ளதைத் தத்தம் ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்தனர். பாலிலிருந்து கேசீன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் அளவை நிறமானியால் அறியும் சோதனை அது. "தம்பி, இந்த எண்கள் யாருடையவை?" என்று வினவினோம். "சென்ற ஆண்டு படித்த அண்ணன் ஒருவருடையவை, ஐயா. அவருக்கும் அதற்கு முந்தைய ஆண்டு அண்ணன் கொடுத்தது" என்றார் ஒருவர். "நீ செய்தபோது என்ன கிடைத்தது?" என்றோம். சற்றுத் தயங்கிய பின், "நான் செய்யவில்லை, ஐயா. ஆறு பேருக்கு ஒரு கருவி. ஒருவர் செய்வார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார்.

அம்மாணவர் எம்மிடம் உண்மையே கூறினார். பொய் இருந்தது பதிவேட்டில்தான். அந்தப் பொய்யில் ஆசிரியராகிய எமக்கும், நிருவாகத்துக்கும், பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினர்க்கும் பங்கு உண்டு. ஒரு கல்லூரியை மட்டும் சுட்டி இதனைச் சொல்லவில்லை. மாவட்டம் பல சென்று புறத்தேர்வாளராக இருந்து வந்த நண்பர்கள் யாவரும் கூறுவது இதுவே.

எல்லாப் பாடங்களுக்கும் செய்முறை வேண்டும் என்பது பொதுவான பேச்சு. புரத வேதியியலுக்கோ அது உயிர்நாடி. ஏன் என்று விளக்க முற்படுவோம். 1838-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், முதன்மையானது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு இப்பொருளுக்குப் 'புரோட்டீன்' எனப் பெயரிட்டார். நாம் புரதம் என்கிறோம். உப்பையும் சர்க்கரையையும் போலப் புரதத்தைக் கையாள முடியாது. உப்பைக் காய்ச்சினாலும் உப்பே. முட்டையின் வெண்கருவைக் காய்ச்சினால் அது பழைய வெண்கரு ஆகாது. சூடு மிகுந்தால் கெடும். புளிப்பு மிகுந்தால் கெடும். வேகமாகக் கலக்கி நுரைக்க விட்டாலும் கெடும். அறையின் வெப்பத்தில் இரவு முழுதும் வைத்தால் உடனிருக்கும் நொதிகளே அதனைத் தின்றுவிடும். ஆகவேதான் ஆய்வாளர் பனிக்கட்டியில் குழாய்களைப் புதைத்து வைத்து, நான்கு பாகை வெப்பநிலையில் பணிபுரிகின்றனர். எவ்வளவு மெதுவாக அம்மோனியம் சல்பேட்டைத் தூவ வேண்டும், கரைசல் எப்போது பால்போலக் கலங்கத் தொடங்குகிறது, அந்தக் கலங்கல் வேண்டிய புரதமா அல்லது கெட்டுப்போன வண்டலா என்பனவற்றைப் பாடநூல் ஓரளவே சொல்லும். எஞ்சியதைக் கண்ணும் கையும் கற்றுக்கொள்ள வேண்டும். சமையற்கட்டில் பாகுபதம் அறிந்த தாய்மார்கள் இதனை எளிதில் உணர்வர்.

வணிகம் செய்யும் பெரியவர்களுக்கு வேறோர் உவமை சொல்லலாம். ஒரு நொதியைத் தூய்மை செய்யும் ஆய்வாளர் ஒவ்வொரு படியிலும் ஓர் அட்டவணை எழுதுகிறார். மொத்தப் புரதம் எவ்வளவு, அதில் வேண்டிய நொதியின் செயல்திறன் எவ்வளவு, இப்படியில் எவ்வளவு இழந்தோம், எத்தனை மடங்கு தூய்மை கூடிற்று என்று அதில் குறிக்கப்படும். அது கடையின் பேரேட்டைப் போன்றது. முதலில் நூறு பங்கு இருந்த செயல்திறன் உப்பிட்டு வீழ்த்திய பின் எழுபது ஆகலாம். சவ்வூடு பிரித்த பின் அறுபது ஆகலாம். பத்திகளில் வழியவிட்ட பின் இருபதே எஞ்சலாம். ஆனால் அந்த இருபது பங்கு, தொடக்கத்தில் இருந்ததைவிட நூறு மடங்கு தூய்மையாக இருக்கக்கூடும். எங்கே இழந்தோம் என்பதை அந்த ஏடு காட்டும். அடுத்த கடைக்காரரின் பேரேட்டைப் பார்த்து எழுதித் தம் கடையின் இலாப நட்டத்தை அறிய முயலும் வணிகர் யாரேனும் உண்டா? நம் மாணவர்கள் செய்துகொண்டிருப்பது அதுவே.

பொறுமைக்கும் கைத்திறனுக்கும் சான்றாக ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் சம்னரைச் சொல்லலாம். இடக்கைப் பழக்கமுடைய அவர், பதினேழாம் அகவையில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் அந்த இடக்கையையே இழந்தார். ஒற்றைக் கையால் வேதியியல் பயில்வது கடினம் என்று ஆசிரியர்கள் தடுத்தும் அவர் கேட்கவில்லை. 1917-இல் அவரை வகையைச் சேர்ந்த ஒரு கொட்டையிலிருந்து, யூரியாவைச் சிதைக்கும் யூரியேசு என்னும் நொதியைத் தூய்மையாகப் பெற முனைந்தார். ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1926-இல், கொட்டை மாவை நீர்த்த அசெட்டோனில் கலக்கி வடித்து, வடிநீரை இரவு முழுதும் குளிரில் வைத்து, மறுநாள் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிறு படிகங்கள் தெரிந்தன. அப்படிகங்களே நொதி, அவை புரதம். நொதிகள் புரதம் அல்ல என்று வாதிட்டுவந்த ஜெர்மானியப் பேரறிஞர் வில்சுடேட்டரின் சார்பினர் ஆண்டுகள் பல அதனை ஏற்க மறுத்தனர். 1946-இல் சம்னருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அச்சோதனையில் இல்லை என்பதை நம் மாணவர்கள் கருத வேண்டும். மாவு, அசெட்டோன், வடிதாள், குளிர்பெட்டி, நுண்ணோக்கி, இவ்வளவே.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பாலாற்றங்கரை ஊர்களாகிய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவற்றிலும், தெற்கே திண்டுக்கல்லிலும் நம் சமூகத்தாரில் பலர் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டு வந்துள்ளனர். நாம் இன்று பெருமைகொள்ளும் கல்வி நிலையங்கள் சில அத்தொழிலின் வருவாயில் எழுந்தவை. தோல் பதனிடுதல் என்பது என்ன? அது புரத வேதியியலே அன்றி வேறில்லை. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். முடியோ கெரட்டின் என்னும் புரதம். சுண்ணாம்புக் குழியில் சல்பைடு சேர்த்து ஊறவைத்தால் முடி கரைகிறது, தோல் நிற்கிறது. கெரட்டினை இறுக்கிக் கட்டியிருப்பவை கந்தகப் பாலங்கள். சல்பைடு அவற்றை அறுக்கிறது. தோலின் கொலாஜனில் அப்பாலங்கள் இல்லை. ஆதலால் அது தப்பிவிடுகிறது. அதன்பின் தோலை மென்மையாக்க முற்காலத்தில் நாயின் எச்சத்தையும் புறாவின் எச்சத்தையும் பயன்படுத்தினர். அசுத்தம் என்று முகம் சுளித்துக்கொண்டே செய்யப்பட்ட அவ்வேலையின் உட்பொருள், எச்சத்திலிருந்த நொதிகள் தோலின் வேண்டாத புரதங்களைச் செரித்தமையே. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பார் 1907-ஆம் ஆண்டளவில் கணைய நொதியை அதற்கு ஈடாகக் கொண்டுவந்தார்; அசுத்தம் நீங்கிற்று.

பதனிடாத தோல் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் சுருங்கிவிடும். ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்டால் 75 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத்தால் பதனிட்டால் கொதிநீரையும் தாங்கும். குரோமியம் கொலாஜன் இழைகளிலுள்ள அமிலத் தொகுதிகளைப் பற்றி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டுப் பார்க்கும் மேஸ்திரி நாள்தோறும் புரத வேதியியல் சோதனை செய்கிறார். அவர் பிள்ளை கல்லூரியில் அதே பாடத்தைப் பிறர் ஏட்டைப் பார்த்து எழுதுகிறார்! இவ்விரண்டையும் இணைத்துக் காட்ட நமக்கு இதுவரை தோன்றவில்லை. தோல் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்தது பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கில் நம்மவர் கண்டவை அபராதமும் ஆலை மூடலுமே. சல்பைடுக்குப் பதிலாக நொதியால் முடி நீக்குவது, குரோமியத்தை மிச்சமின்றித் தோலே ஏற்கச் செய்வது ஆகியவை வேதியியலார் விடை காண வேண்டிய வினாக்கள். அவ்விடையைத் தேடும் ஆய்வாளர் வரிசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெரியவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

அதே கொலாஜன்தான் சென்னைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்ற ஜி. என். இராமச்சந்திரனுக்கு அப்போது அகவை முப்பது. சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று குறிப்பிட்டார். 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அண்மையில் இருந்தது, கொலாஜனுக்குக் குறைவில்லை. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு போன்றது கொலாஜன் என்று 1954-இல் அறிவித்தனர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசீன் நின்றாலன்றி அந்த மூன்று இழைகள் அவ்வளவு நெருங்க இயலாது. கேம்பிரிட்ஜில் இருந்த கிரிக், ரிச் ஆகியோர், இந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். இராமச்சந்திரன் சினந்து எழுதிக்கொண்டிருக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை அளந்தறியப்பட்ட படிகங்களையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் விளைந்ததே இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம். இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்த்தே ஏற்பர். கர்த்தாவோ பின்னர் அமெரிக்கா சென்று, 1967-இல் ரிபோநியூக்ளியேசு என்னும் நொதியின் அமைப்பைக் கண்ட மூவருள் ஒருவரானார்.

நம் மேடைகளில் ஆண்டுதோறும் இப்னு ஹைதமும் இப்னு சீனாவும் வந்துபோகின்றனர். ஒளியைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஹைதம் சோதனை செய்து எழுதினார் என்பது உண்மை. அதனைக் கேட்டுக் கைதட்டிய பின், பூட்டிய ஆய்வகத்தைக் கடந்து வீட்டுக்குச் செல்கிறோமே, அதுதான் எம்மை வருத்துகிறது.

மார்க்கப் பற்றுடைய பெரியவர்களுக்கு மற்றொன்றையும் கூறுவது தகும். கொலாஜனை வெந்நீரில் நெடுநேரம் வேகவிட்டால் ஜெலட்டின் கிடைக்கும். மருந்துக் கூடுகளிலும் இனிப்புகளிலும் அது உள்ளது. அது மாட்டின் தோலிலிருந்து வந்ததா, பன்றியின் தோலிலிருந்து வந்ததா, மீனிலிருந்து வந்ததா? நாவோ கண்ணோ சொல்லாது. நொதியால் அதனைத் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகளின் நிறையை நுட்பமாக அளந்து, மாட்டின் கொலாஜனுக்கும் பன்றியின் கொலாஜனுக்கும் அமினோ அமில வரிசையில் உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டே உறுதி செய்ய இயலும். ஜெலட்டின் உருமாறிய புதுப்பொருளா, பழைய பொருளின் தொடர்ச்சியா என்று இஸ்திஹாலா பற்றி ஆலிம்கள் நிகழ்த்தும் விவாதத்திற்கும் இவ்வறிவு பயன்படும். தீர்ப்பு ஆலிம்களுடையது, பொருளின் இயல்பைத் தெளிவாக எடுத்துரைக்க வேதியியலார் அருகில் வேண்டும். ஹலால் முத்திரை ஒட்டிய பொட்டலத்தை நம்பி வாங்குகிறோம். முத்திரைக்குப் பின்னே ஒரு சோதனைக்கூடமும் அதில் நேர்மையான ஒரு பதிவேடும் இருக்கின்றனவா என்று கேட்பதில்லை.

நீரிழிவு நோயாளர்க்கு முன்னாளில் மாட்டின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் தரப்பட்டன. ஃபிரெடரிக் சாங்கர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து 1955-இல் இன்சுலினின் முழு அமைப்பையும் கண்டறிந்தார். அதில் 51 அமினோ அமிலங்கள். மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் வேறுபாடு ஒன்றே; மாட்டினதற்கு மூன்று. இவ்வளவு நுட்பமாக அறிந்த பின்னரே, மரபணுவைப் பொருத்திய நுண்ணுயிரில் மனித இன்சுலினையே விளைவித்து 1982 முதல் விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கிய முதியோர் பலரின் மனச்சுமை அதனால் இறங்கிற்று.

'இனிக் கணிப்பொறியே எல்லாம் செய்துவிடுமே, கையால் செய்வது எதற்கு?' என்று கேட்போர் உளர். ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணிப்பொறி முறை, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடியும் என்று கணித்துத் தருகிறது. 2022-இல் இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களுக்கு அத்தகைய கணிப்புகள் வெளியிடப்பெற்றன. அதனை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களை வடிவமைத்த பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மகிழத்தக்க செய்தியே. ஆயின் அக்கணிப்பொறி எதனைக் கற்றுக் கணித்தது? 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில், குளிரறைகளில் நின்று படிகம் வளர்த்தோர் ஐம்பதாண்டுகளாகச் சேர்த்துவைத்த அமைப்புகளைக் கற்றே கணித்தது. அவர்கள் தத்தம் அண்ணன்மாருடைய ஏடுகளைப் பார்த்து எழுதியிருந்தால் அது எதனைக் கற்றிருக்கும்? மேலும், கணித்த புரதம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை இன்றும் குழாயில் இட்டே அறிய வேண்டியுள்ளது.

வேலை கிடைக்குமா என்னும் கேள்வியைப் பெற்றோர் எழுப்புவர். அது நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பலான விடை சொல்லக் கூடாது. இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர்க்கு இத்துறையில் வாய்ப்பு குறைவு. முதுகலையும் அதற்கு மேலும் படிக்க வேண்டும், ஆண்டுகள் ஆகும், வீட்டில் பொறுமை வேண்டும். ஆனால் கையால் வேலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, தடுப்பூசி, மருந்து, உணவு ஆய்வு நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற நம் மாணவர் சிலர், நுண்குழாயில் அளந்தெடுக்கச் சொன்னபோது கை நடுங்கி நின்றதாகக் கேட்டு வருந்தியிருக்கிறோம்.

மாணவியர் நிலை தனியே குறிப்பிடத்தக்கது. வெளியூர் அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் உள்ளூர்க் கல்லூரியை நம்பி அனுப்புகின்றன. அவர்களுள் கூர்மதியினர் பலர். புரதத்தைச் சவ்வூடு பிரிக்கும் சோதனை மாலை நான்கு மணிக்கு முடிவதன்று. ஆய்வகத்தை மாலை ஆறு மணிவரை திறந்துவைத்து, ஆசிரியை ஒருவரை உடனிருத்தி, வீடு திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்தால் அவர்கள் செய்வார்கள். மணி அடித்தவுடன் பூட்டிவிட்டுப் பெண்களுக்கு ஆராய்ச்சியில் நாட்டமில்லை என்று சொல்வது முறையன்று.

நாம் வேண்டுவன பெரியவை அல்ல. நல்ல குளிர்பெட்டி ஒன்று, சிறிய மையவிலக்கி ஒன்று, நிறமானிகள் நான்கு, மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் கூழ்த்தட்டுக் கருவி இரண்டு, மின்தடை நேரத்தில் குளிர் குறையாதிருக்க ஒரு மின்னாக்கி. நுழைவாயில் வளைவுக்கும் விழா மேடைக்கும் மனமுவந்து வழங்கும் கொடையாளர்கள் இதனையும் கருதலாம். தோல் தொழிலில் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை நம் மாணவரைத் தம் ஆலைக்குள் அழைத்து, மேஸ்திரியின் அருகில் ஒரு வாரம் நிற்கவைக்கலாம். ஆசிரியர்கள், பதிவேட்டில் 'சரியான' விடைக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தி, தவறிய சோதனையை உள்ளது உள்ளபடி எழுதி, ஏன் தவறிற்று என்று ஆராய்ந்தவர்க்கு முழு மதிப்பெண் தர வேண்டும். தராசைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்ற கட்டளை கடைத்தெருவுக்கு மட்டும் உரியது அன்று.

சென்ற பருவத்தில் வேதியியல் துறை நண்பர் ஒருவர், எம் வேண்டுகோளுக்கு இணங்கி, அன்று விடுதியில் கண்ட அந்த நான்கு மாணவர்களுக்கும் தனித்தனியே குழாய்கள் கொடுத்தார். ஊறவைத்த கொள்ளை அரைத்து வடித்த சாற்றில் யூரியேசு உண்டு. அதனை யூரியாக் கரைசலில் விட்டு, ஃபினாப்தலீன் இரு துளி சேர்த்தால் அம்மோனியா பிறந்து இளஞ்சிவப்பு தோன்றும். கொதிக்கவைத்த சாற்றில் தோன்றாது. மூவருக்குத் தோன்றிற்று. ஒருவருக்குத் தோன்றவில்லை. முதல்நாளே அரைத்த சாற்றை அவர் இரவு முழுதும் அறையில், வெக்கையில் வைத்திருந்தார். 'நிறம் தோன்றவில்லை, சாறு கெட்டிருக்கலாம், குளிரில் வைத்து மீண்டும் செய்ய வேண்டும்' என்று தம் ஏட்டில் எழுதினார். மறுநாள் சாற்றைக் குளிரில் வைப்பதற்கு ஆய்வகத்தில் பெட்டி இல்லை. விடுதிச் சமையலறையின் குளிர்பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்கு அருகில் வைத்தார். குளிர்பெட்டி வேண்டி எழுதிய விண்ணப்பம் தாளாளர் அவர்களின் மேசையில் உள்ளது.